எட்கர் காட்: தரவுகளுக்கு அட்டவணை தந்த அறிஞர்

இணையத்தில் பேருந்துப் பயணச்சீட்டு வாங்குகிறோம். நூலகத்தில் புத்தகம் இரவல் பெறுகிறோம். வங்கிச் செயலியைத் திறந்து, கணக்கில் எவ்வளவு மீதம் இருக்கிறது என்று பார்க்கிறோம். இவை ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு தரவுத்தளம் இயங்குகிறது. இத்தகைய தரவுத்தளங்களில் பல, எட்கர் காட் என்ற கணித அறிஞர் 1970இல் வகுத்துக் கொடுத்த முறையைப் பின்பற்றுபவை. கணினித் துறையில் சேர விரும்பும் மாணவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டிய மனிதர் அவர்.

எட்கர் 1923ஆம் ஆண்டு இங்கிலாந்தின் போர்ட்லாந்து தீவில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி. தாயார் பள்ளி ஆசிரியை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் கணிதமும் வேதியியலும் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் விமானியாகப் பணியாற்றினார். 1948இல் அமெரிக்கா சென்று ஐ.பி.எம். நிறுவனத்தில் நிரலாளராகச் சேர்ந்தார்.

கம்யூனிஸ்டு என்ற சந்தேகத்தின் பேரில் பலரைச் செனட்டர் மெக்கார்த்தி துரத்திக் கொண்டிருந்த காலம் அது. அந்தப் போக்கை ஏற்க முடியாத எட்கர், 1953இல் கனடாவின் ஒட்டாவா நகருக்குக் குடிபெயர்ந்தார். சில ஆண்டுகள் கழித்தே அமெரிக்கா திரும்பினார். அதன் பின் மீண்டும் மாணவரானார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டம் பெற்றது 1965இல். அப்போது அவருக்கு வயது 40ஐத் தாண்டியிருந்தது.

பிறகு கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் உள்ள ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்துக்கு மாறினார். அங்குதான் தரவுத்தளச் சிக்கல் அவர் கவனத்தை ஈர்த்தது. அன்றைய தரவுத்தளங்கள் கிளைவிட்ட மரம் போலவோ பின்னிய வலை போலவோ அமைந்திருந்தன. ஒரு தகவலை எடுக்க, அது எந்தக் கிளையில் எந்தப் பதிவை அடுத்து இருக்கிறது என்பது நிரலாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சேமிப்பு முறையை மாற்றினால், அதை நம்பி எழுதிய நிரல்கள் பழுதாகிவிடும். மேலாளர் புதிதாக ஒரு கேள்வி கேட்டால், அதற்கென்று தனியாக ஒரு நிரல் எழுத வேண்டியிருக்கும்.

எட்கர் இதைக் கணிதக் கண்ணோடு பார்த்தார். எல்லாத் தரவுகளையும் நிரையும் நிரலும் கொண்ட அட்டவணைகளாக வைக்கலாம் என்றார். ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். மாணவர் பெயரும் முகவரியும் ஓர் அட்டவணையில் இருக்கும். தேர்வு மதிப்பெண்கள் மற்றோர் அட்டவணையில் இருக்கும். இரண்டையும் இணைப்பது மாணவரின் பதிவு எண் மட்டுமே. முகவரி ஒரே இடத்தில் இருப்பதால், மாணவர் வீடு மாறினால் ஒரு முறை திருத்தினால் போதும். என்ன தகவல் வேண்டும் என்று மட்டும் நாம் கேட்க வேண்டும். அதைத் தேடி எடுக்கும் வழியைக் கணினியே பார்த்துக்கொள்ளும்.

1970 ஜூன் மாதம் இந்தக் கருத்து ஆய்விதழில் வெளிவந்தது. ஆனால், அவர் வேலை செய்த ஐ.பி.எம். அதற்கு உடனே கதவு திறக்கவில்லை. மர அமைப்பைக் கொண்ட ஐ.எம்.எஸ். என்ற தரவுத்தளத்தை அந்நிறுவனம் ஏற்கெனவே விற்றுக் கொண்டிருந்தது. நன்றாக ஓடும் பொருளுக்குத் தானே போட்டியை உருவாக்க யார்தான் விரும்புவார்கள்? அட்டவணை முறை நடைமுறையில் மிக மெதுவாக இயங்கும் என்று ஐயப்பட்டவர்களும் உண்டு. 1974இல் வலை அமைப்பின் முன்னோடியான சார்லஸ் பாக்மனும் எட்கரும் ஒரே அரங்கில் விவாதித்தது கணினி வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது.

பிறகுதான் ஐ.பி.எம்., 'சிஸ்டம் ஆர்' என்ற சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் இருவரும் அதற்காக உருவாக்கிய மொழிதான் இன்றைய எஸ்.கியூ.எல். மொழியின் தொடக்கம். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 'இங்ரெஸ்' என்ற திட்டம் நடந்தது. இன்று பல நிரலாளர்கள் பயன்படுத்தும் போஸ்ட்கிரெஸ் அதன் வழி வந்ததே. ஆனால் விற்பனைச் சந்தையில் முந்திக்கொண்டது ஆரக்கிள். ஐ.பி.எம். ஊழியர்கள் வெளியிட்ட கட்டுரைகளைப் படித்து, 1979இலேயே அது தன் மென்பொருளை விற்கத் தொடங்கிவிட்டது. ஐ.பி.எம்.மின் முதல் எஸ்.கியூ.எல். தரவுத்தளம் 1981இல்தான் வந்தது. அதே ஆண்டில், கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது எட்கரைத் தேடி வந்தது.

புகழ் வந்த பின்னும் அவர் தம் கொள்கையில் தளரவில்லை. எஸ்.கியூ.எல். தம் கணிதத்திலிருந்து சில இடங்களில் விலகிவிட்டது என்று வெளிப்படையாகவே குறை கூறினார். ஒரே நிரை இருமுறை வர அது இடம் கொடுப்பது அவற்றுள் ஒன்று. பழைய மென்பொருளுக்குப் புதுப் பெயர் சூட்டி விற்ற நிறுவனங்களைக் கண்டு, 1985இல் உண்மையான அட்டவணைத் தரவுத்தளத்துக்கு 12 விதிகளை வெளியிட்டார். 2003 ஏப்ரல் 18ஆம் நாள், 79ஆம் வயதில் ஃபுளோரிடாவில் காலமானார்.

நிரல் மொழிகளும் கருவிகளும் ஆண்டுதோறும் மாறுகின்றன. எதைக் கற்பது என்று புரியாமல் என் வயது மாணவர்கள் பலர் தடுமாறுகிறோம். எட்கரின் கருத்தோ அரை நூற்றாண்டைக் கடந்தும் நிற்கிறது. காரணம், அவர் ஒரு கருவியை மட்டும் மேம்படுத்தவில்லை. கருவிக்கு அடியில் இருக்கும் சிக்கலைப் புரிந்துகொண்டார்.

அடுத்த விடுமுறையில் ஒரு சிறு முயற்சி செய்து பாருங்கள். எஸ்.கியூ.லைட் என்ற தரவுத்தளம் இலவசமாகவே கிடைக்கிறது. உங்கள் வகுப்பு மாணவர்களுக்கு ஓர் அட்டவணை, புறப்பாட நடவடிக்கைகளுக்கு ஓர் அட்டவணை, யார் எதில் இருக்கிறார்கள் என்பதற்கு மூன்றாவது அட்டவணை. பிறகு, பூப்பந்தும் சதுரங்கமும் விளையாடுபவர்கள் யார் என்று கேளுங்கள். விடை கிடைக்கும்போது, எட்கர் காட் எதற்காக அத்தனை ஆண்டுகள் வாதாடினார் என்பது விளங்கும்.