இரண்டு ஊர்களின் தேர்தலையே செல்லாததாக்கிய பருத்தித் தொழிலாளி: யார் இந்த ஃபேன்னி லூ ஹேமர்?

நாட்டை ஆள்வது யார் என்று முடிவாகும் தேர்தல்னா ஓட்டுச்சாவடியில் கூட்டம் அலைமோதும். மேயர், கவுன்சிலர் தேர்தல்னா, நமக்கென்ன என்று பலர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பருத்தி எடுத்துப் பிழைத்த ஒரு பெண்ணுக்கோ, அந்த ஊர்த் தேர்தல்தான் பெரிய தேர்தலாக இருந்தது. அதற்காக அவர் வீட்டை இழந்தார், அடி வாங்கினார், கடைசியில் கோர்ட்டுக்கும் போனார். அவர் பெயர் ஃபேன்னி லூ ஹேமர்.

அமெரிக்க ஓட்டுரிமைப் போராட்டம்னா மார்ட்டின் லூதர் கிங் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும். அதே போராட்டத்தின் கிராமத்து முகம் ஹேமர்.

20-வது குழந்தை

ஹேமர் பிறந்தது 1917 அக்டோபர் 6-ம் தேதி. அப்பா, அம்மாவுக்கு அவர் 20-வது குழந்தை, கடைக்குட்டி. குடும்பத்துக்குச் சொந்த நிலம் கிடையாது. வெள்ளைக்காரப் பண்ணையாரின் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்தார்கள். விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடனைக் கழித்துக்கொண்டால் கையில் எதுவும் மிஞ்சாது.

6 வயதில் பருத்தி எடுக்க இறங்கிவிட்டார் ஹேமர். சின்ன வயதில் வந்த போலியோவால் ஒரு கால் லேசாக இழுக்கும். பள்ளிக்கூடம் 12 வயதோடு முடிந்தது. ஆனால் நன்றாக எழுதப் படிக்கத் தெரியும், கணக்கும் வரும். அதனால் பிற்காலத்தில் சன்ஃபிளவர் கவுண்டியில் உள்ள ரூல்வில் ஊர் அருகே ஒரு பண்ணையில், வேலை நேரத்தைக் குறித்துவைக்கும் டைம்கீப்பர் ஆனார். கவுண்டி என்பதை ஒரு மாவட்டம் மாதிரி வைத்துக்கொள்ளலாம்.

1961-ல் வயிற்றுக் கட்டிக்காக ஆபரேஷன் செய்துகொண்டார். அப்போது அவரைக் கேட்காமலேயே கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். மிசிசிப்பியில் ஏழைக் கறுப்பினப் பெண்கள் பலருக்கு இப்படி நடந்தது. அடுத்த ஆண்டுதான் அவர் வாழ்க்கை திசை மாறியது.

உரிமை உண்டு, ஓட்டு இல்லை

கறுப்பினத்தவரின் ஓட்டுரிமையை நிறத்தைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியல் சட்டத்தில் 1870-லேயே எழுதியாகிவிட்டது. பெண்களுக்கான ஓட்டுரிமையும் 1920-ல் வந்துவிட்டது. அப்புறம் என்ன பிரச்சினை?

பிரச்சினை வோட்டர் லிஸ்ட்டில் இருந்தது. மிசிசிப்பியில் பெயர் சேர்க்க, கவுண்டி தலைநகரில் இருக்கும் கோர்ட் கட்டடத்துக்கு நேரில் போய் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே சர்க்யூட் கிளார்க் என்ற அதிகாரி ஒரு டெஸ்ட் வைப்பார். மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைக் கொடுத்து, அதற்கு விளக்கம் எழுதச் சொல்வார். எந்தப் பிரிவைக் கொடுப்பது, எழுதியது சரியா தப்பா எல்லாமே அவர் இஷ்டம்.

விண்ணப்பத்தில் முதலாளி யார், வீடு எங்கே என்றெல்லாம் எழுத வேண்டும். 1962-ல் வந்த சட்டப்படி, விண்ணப்பித்தவரின் பெயரை உள்ளூர்ப் பத்திரிகையில் 2 வாரம் வெளியிடவும் செய்தார்கள். அதாவது, யார் ஓட்டு கேட்கிறார்கள் என்பது பண்ணையாருக்கும் தெரிந்துவிடும், அடியாட்களுக்கும் தெரிந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அந்த சர்க்யூட் கிளார்க் பதவிக்கு வருவதே உள்ளூர்த் தேர்தலில் ஜெயித்துத்தான். கவுண்டி போலீஸின் தலைவரான ஷெரிஃபும் அப்படியே. மேயரும் அப்படியே. லிஸ்ட்டில் பெயர் இல்லாதவர்கள் இவர்களை மாற்ற முடியாது. இவர்கள் மாறாதவரை லிஸ்ட்டில் பெயரும் ஏறாது. இந்தச் சுழலில்தான் மிசிசிப்பி மாட்டிக்கொண்டிருந்தது. 1960-களின் தொடக்கத்தில் அந்த மாநிலத்தில் ஓட்டுப் போடும் வயதில் இருந்த கறுப்பினத்தவரில் லிஸ்ட்டில் இருந்தவர்கள் ஏறத்தாழ 7% மட்டுமே.

ஒரே நாளில் வேலையும் போச்சு, வீடும் போச்சு

1962 ஆகஸ்ட் மாதம் ரூல்வில் தேவாலயம் ஒன்றில் மாணவர் இயக்கத்தினர் ஒரு கூட்டம் போட்டார்கள். தனக்கும் ஓட்டுரிமை இருக்கிறது என்பதே 44 வயது ஹேமருக்கு அங்கேதான் தெரியவந்தது. ஆகஸ்ட் 31-ம் தேதி 17 பேருடன் ஒரு பழைய பஸ்ஸில் கவுண்டி தலைநகர் இண்டியனோலாவுக்குக் கிளம்பினார்.

டெஸ்ட்டில் அவருக்குக் கொடுக்கப்பட்டது, படித்த வக்கீல்களே யோசித்து எழுத வேண்டிய ஒரு சட்டப் பிரிவு. ஃபெயில். திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை மறித்தது. பஸ்ஸின் மஞ்சள் நிறம் ஸ்கூல் பஸ் மாதிரி இருக்கிறதாம். அதற்கு அபராதம் போட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் கையில் இருந்ததைச் சேர்த்துக் கட்டிவிட்டு ஊர் வந்து சேர்ந்தார்கள்.

வீட்டுக்கு வந்தால், விண்ணப்பத்தை வாபஸ் வாங்கு, இல்லையென்றால் வெளியே போ என்று பண்ணையார் கெடு வைத்தார். ஹேமர் அன்று இரவே வெளியேறினார். அறுவடை முடியும்வரை போகக் கூடாது என்று அவர் கணவரைப் பண்ணையிலேயே நிறுத்திவைத்தார்கள். 10 நாள் கழித்து, ஹேமர் தங்கியிருந்த வீட்டின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. குண்டு பட்டு யாரும் சாகவில்லை. ஆனால் மிரட்டல் என்ன என்பது எல்லோருக்கும் புரிந்தது.

அந்த ஆண்டு டிசம்பரில் மறுபடியும் இண்டியனோலா போய் டெஸ்ட் எழுதினார். 1963 ஜனவரியில் பாஸ் ஆன தகவல் கிடைத்தது.

சரி, இனி ஓட்டுப் போடலாமா? அதுவும் முடியவில்லை. 2 ஆண்டுகளுக்கான ஓட்டு வரி கட்டிய ரசீது இருக்கிறதா என்று கேட்டார்கள். லிஸ்ட்டில் பெயரே இல்லாதவர் எந்த ஓட்டுக்காக வரி கட்டியிருப்பார்?

வினோனா சிறையில்

1963 ஜூன் 9-ம் தேதி, வாக்காளர் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டு சகாக்களுடன் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார் ஹேமர். வழியில் வினோனா பஸ் நிலையத்தில் ஹேமரையும் சகாக்கள் சிலரையும் கைது செய்தார்கள். சிறையில் அதிகாரிகள் உத்தரவு போட, வேறு கைதிகளைக் கொண்டே ஹேமரை அடித்தார்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. ஒரு கண்ணின் பார்வை மங்கியது. அந்தப் பாதிப்பு கடைசிவரை கூடவே இருந்தது.

அதிகாரிகள் மீது வழக்கு நடந்தது. வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி அத்தனை பேரையும் விடுதலை செய்தது.

நாடே பார்த்த சாட்சியம்

1964-ல் ஹேமர் நாடாளுமன்றத் தொகுதி வேட்பாளர் தேர்வுக்கான ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் நின்று தோற்றார். வாழ்க்கையின் முதல் ஓட்டை அந்தத் தேர்தலில் தனக்கே போட்டுக்கொண்டார்.

மிசிசிப்பியின் ஜனநாயகக் கட்சி கறுப்பினத்தவரைச் சேர்க்காததால், ஹேமரும் நண்பர்களும் மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சியைத் தொடங்கியிருந்தார்கள். அந்த ஆகஸ்ட்டில் அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடு நடந்தது. மிசிசிப்பியின் உண்மையான பிரதிநிதிகள் நாங்கள்தான் என்று இவர்கள் அங்கே போய் நின்றார்கள்.

ஆகஸ்ட் 22-ம் தேதி டி.வி. கேமராக்கள் முன்னால், பண்ணையை விட்டு வெளியேற்றப்பட்டதையும் சிறையில் நடந்ததையும் ஹேமர் சொன்னார். அவர் பேசும்போதே அதிபர் லிண்டன் ஜான்சன் திடீரென்று செய்தியாளர்களைச் சந்திக்க, கேமராக்கள் அங்கே திரும்பின. ஆனால் அன்று இரவே சேனல்கள் ஹேமரின் பேச்சை ஒளிபரப்பிவிட்டன.

சமரசமாக 2 இடம் தருவதாகக் கட்சி சொன்னது. ஹேமர் குழுவினர் மறுத்துவிட்டு ஊர் திரும்பினார்கள்.

ஊர்த் தேர்தலுக்காக ஒரு வழக்கு

பெரிய மேடையைப் பார்த்துவிட்டு வந்தவர், அடுத்து கையில் எடுத்தது சின்ன ஊர்களின் தேர்தலை. காரணம் இருந்தது. 1964 ஜனவரியில் வந்த 24-வது சட்டத் திருத்தம் ஓட்டு வரியை ஒழித்தது. ஆனால், அதிபர், நாடாளுமன்றத் தேர்தல்களுக்கு மட்டும்தான். மாநில, உள்ளூர்த் தேர்தல்களில் அந்த வரியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 1966-ல்தான். அதுவரை அதிபரைத் தேர்ந்தெடுக்கத் தகுதி உள்ள ஒருவர், சொந்த ஊர் மேயரைத் தேர்ந்தெடுக்கத் தகுதி இல்லாதவராக இருக்க முடிந்தது.

1965 ஏப்ரலில், சன்ஃபிளவர் கவுண்டியில் பெயர் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக் கூடாது என்று கோர்ட் உத்தரவு போட்டது. ஆனால் ஜூனில் உள்ளாட்சித் தேர்தல். ஓட்டுப் போட 4 மாதம் முன்பே பெயர் சேர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. கதவைத் திறந்துவிட்டு, நேரம் முடிந்துவிட்டது என்று சொல்வது மாதிரி ஆகிவிட்டது.

தேர்தலை நிறுத்தச் சொல்லி ஹேமரும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். எதிர்த்தரப்பில் இருந்தவர் அதே சர்க்யூட் கிளார்க். கீழ் கோர்ட் மறுத்தது, தேர்தலும் நடந்து முடிந்தது. ஆனால் 1966 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஹேமர் தரப்பை ஏற்றது. நடந்து முடிந்த தேர்தலை ஒரு கோர்ட் செல்லாது என்று சொன்னது அபூர்வமான விஷயம். சன்ஃபிளவர், மூர்ஹெட் என்ற 2 சிற்றூர்களில் 1967 மே மாதம் மறுதேர்தல் நடந்தது.

அதற்குள் நிலைமையும் மாறியிருந்தது. 1965 ஆகஸ்ட்டில் வந்த ஓட்டுரிமைச் சட்டம் மிசிசிப்பி போன்ற மாநிலங்களில் டெஸ்ட்டுகளை நிறுத்திவைத்தது. பெயர் சேர்க்க மத்திய அரசு அதிகாரிகளையே அனுப்பவும் வழி செய்தது. 7%-ஆக இருந்த பதிவு, 1967-ல் ஏறத்தாழ 60%-ஐத் தொட்டது.

ஜெயித்தார்களா?

இல்லை. 2 ஊர்களிலுமே கறுப்பின வேட்பாளர்கள் தோற்றார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத வாக்காளர்கள் பலர். ஓட்டுச்சாவடியில் அவர்களுக்கு உதவ இருந்தது வெள்ளை அதிகாரிகள் மட்டுமே. வேலையும் குடியிருப்பும் வெள்ளை முதலாளிகளை நம்பி இருக்கும்போது, தான் யாருக்குப் போடுகிறேன் என்பதை அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது? இதை எதிர்த்தும் ஹேமர் தரப்பு கோர்ட்டுக்குப் போனது. இந்த முறை தீர்ப்பு சாதகமாக வரவில்லை.

ஓட்டுக்கு முன்னால் வயிறு பயப்படுகிறது என்பது ஹேமருக்குப் புரிந்தது. 1969-ல் 40 ஏக்கர் நிலத்துடன் சுதந்திரப் பண்ணைக் கூட்டுறவைத் தொடங்கினார். ஏழைக் குடும்பங்களுக்குப் பன்றிக்குட்டிகள் கொடுத்து வளர்க்கச் சொன்னார். சொந்தமாகச் சாப்பாடு இருந்தால்தான் சொந்தமாக ஓட்டுப் போட முடியும் என்பது அவர் கணக்கு. 1971-ல் மாநில செனட் தேர்தலில் நின்று மறுபடியும் தோற்றார்.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. கறுப்பின ஓட்டுகள் ஒரு வார்டில் குவிந்திருந்தால் அங்கே கறுப்பினத்தவர் ஜெயித்துவிடுவார்கள் அல்லவா? அதனால் வார்டு வாரியாக நடந்த கவுண்டி நிர்வாகக் குழுத் தேர்தலை, கவுண்டி முழுவதற்கும் ஒரே தொகுதியாக மாற்ற அனுமதித்து மிசிசிப்பி 1966-ல் சட்டம் போட்டது. இப்படிப்பட்ட மாற்றங்களுக்கு மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1969-ல் சொன்னது. அந்த முன் அனுமதி எந்தெந்த மாநிலங்களுக்குப் பொருந்தும் என்ற விதியை அதே உச்ச நீதிமன்றம் 2013-ல் ரத்து செய்துவிட்டது. ஹேமர் காலத்துச் சண்டை இன்னும் ஓயவில்லை என்று சொல்ல இதுவே போதும்.

மிச்சம் இருப்பது

1977 மார்ச் 14-ம் தேதி, 59 வயதில் ஹேமர் இறந்தார். அவர் நின்ற தேர்தல்களில் அரசுப் பதவி எதுவும் கிடைக்கவில்லை. 2025 ஜனவரியில் அதிபர் ஜோ பைடன் அவருக்கு அமெரிக்காவின் உயரிய சிவிலியன் விருதான சுதந்திரப் பதக்கத்தை அறிவித்தார். இறந்து 47 ஆண்டுகள் கழித்து.

ஹேமரை ஃபெயில் ஆக்கியவர், பஸ்ஸை மறித்தவர்கள், சிறையில் அடிக்கச் சொன்னவர்கள் யாருமே தலைநகர் வாஷிங்டனில் இருந்து வந்தவர்கள் இல்லை. எல்லோரும் மிசிசிப்பி அதிகாரிகள். அவர்களில் பலர் உள்ளூர் ஓட்டில் வந்தவர்கள், அல்லது அப்படி வந்தவர்களால் வேலைக்கு வைக்கப்பட்டவர்கள். அதிபரை மாற்றும் ஓட்டைவிட, சர்க்யூட் கிளார்க்கை மாற்றும் ஓட்டுக்கு அவர் அத்தனை மெனக்கெட்டது அதனால்தான்.