முதல் எண் பெற்ற விமானி



மாலையில் நாம் விளையாட்டுத் திடலில் நிற்கும்போது விமானத்தின் ஓசை கேட்டால், எறிபந்தைக் கையில் பிடித்தபடியே எல்லாரும் அண்ணாந்து பார்ப்பதுண்டு. தருமபுரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. நமக்கு விமானம் என்பது வெள்ளிக் கோடு இழுத்துக்கொண்டு பெங்களூர்ப் பக்கம் போகும் ஒரு புள்ளிதான். ஆயினும் இந்திய நாட்டில் விமானம் ஓட்டத் தேறி, முதலாம் எண்ணிட்ட உரிமத்தைப் பெற்றவருக்கும் நம் மாவட்டத்துக்கும் ஓர் உறவு உண்டு.

ஓசூர் 2004ஆம் ஆண்டு வரை தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. அங்குள்ள டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை, டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1980களில் தொடங்கியது. சுற்றுப்புறக் கிராமங்களில் பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளைத் தேடி எடுத்து, பயிற்சி கொடுத்து, வேலையில் அமர்த்தினார்கள். என் பெரியம்மா அப்படிப் போனவர்தான். அந்நாளில் டாட்டா நிறுவனங்களுக்கெல்லாம் தலைவராக விளங்கியவர் ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா. சுருக்கமாக ஜே.ஆர்.டி. அவரைப் பெரிய தொழிலதிபர் என்றே யாவரும் அறிவர். நான் எழுத வந்தது அவருடைய தொழில்களைப் பற்றி அன்று. பொழுதுபோக்குக்காக ஒரு சின்னஞ்சிறு விமானத்தை ஓட்டக் கற்றுக்கொண்ட இளைஞர் ஒருவரைப் பற்றியே எழுதுகிறேன்.

ஜே.ஆர்.டி. 1904 ஜூலை 29ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை பார்சி இனத்தவர். தாயார் பிரெஞ்சு நாட்டுப் பெண்மணி. விடுமுறைக்கு அக்குடும்பம் பிரான்சின் வடகரையில் உள்ள ஹார்ட்லோ என்னும் கடற்கரை ஊருக்குச் செல்வது வழக்கம். 1909இல் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலாக விமானத்தில் கடந்த லூயி பிளேரியோவுக்கும் அங்கே வீடு இருந்தது. மணல்வெளியில் விமானங்கள் வந்து இறங்குவதைச் சிறுவன் கண் கொட்டாமல் பார்த்திருக்கிறான். பதினைந்தாவது வயதில் அதே கடற்கரையில் ஒரு விமானத்தில் பயணியாக ஏறி, சற்று நேரம் வானில் சுற்றி வந்தான். அன்றே, என்றாவது ஒரு நாள் தானும் விமானியாவது என்று முடிவு செய்துகொண்டான். எனக்கும் இப்போது பதினைந்து வயது. இந்த இடம் வந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் சன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

முடிவு செய்தது போல் உடனே நடந்துவிடவில்லை. 1923இல் தாயார் காலமானார். பிரெஞ்சுப் படையில் ஓராண்டு பணி செய்ய நேர்ந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்க ஆசைப்பட்டார். தந்தையார் இந்தியாவுக்கு வரச் சொல்லிவிட்டார். 1925இல் டாட்டா நிறுவனத்தில் சம்பளம் இல்லாத பயிற்சியாளராகச் சேர்ந்தார். மறு ஆண்டே தந்தையும் இறந்துபோனார். இருபத்திரண்டு வயதில் தம்பி தங்கையர் இருந்த குடும்பத்தின் பொறுப்பு அவர் தோளில் விழுந்தது. கல்லூரிக்குப் போகவில்லையே என்ற குறை அவருக்கு வாழ்நாள் முழுதும் இருந்ததாம்.

பம்பாயில் பறக்கும் கழகம் தொடங்கப்பட்டதும் அவர் காத்திருந்தது வந்தது. அங்கே கற்பிக்கப் பயன்பட்டது ஜிப்ஸி மாத் என்னும் விமானம். மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்திய இரட்டை இறக்கைகள். மூடியில்லாத இரண்டு இருக்கைகள். முன்னே ஆசிரியர், பின்னே மாணவர். அதற்கு பிரேக் கிடையாது. முன்னால் இரண்டு சக்கரங்கள், வாலின் அடியில் ஒரு கட்டை. தரையில் நிற்கும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலை ஊன்றி நிற்கும். பிற்காலத்தில் அந்தக் கட்டைக்குப் பதில் ஒரு சிறு சக்கரம் வைத்தார்கள். இவ்வகையைத்தான் வால் சக்கர விமானம் என்கிறோம்.

இதில் என்ன சிரமம் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. அறிவியல் பாடம் எடுக்கும் சகோதரியிடம் கேட்டேன். அவர்கள் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினார்கள். பாலக்கோடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டரை நாம் பார்த்திருக்கிறோம். முன்னோக்கி இழுக்கும்போது டிரெய்லர் சாதுவாகப் பின்னே வரும். அதையே பின்னோக்கித் தள்ளினால், சிறிது கோணினாலும் கோணல் மேலும் மேலும் பெரிதாகி, டிரெய்லர் ஒரு பக்கம் மடங்கிக்கொள்ளும். வால் சக்கர விமானமும் அப்படித்தான். அதன் ஈர்ப்பு மையம் முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. தரையைத் தொடும்போது விமானம் சற்றே பக்கவாட்டில் திரும்பியிருந்தால், பின்னால் உள்ள எடை முன்னே பாயப் பார்க்கும். வால் வட்டமடித்துச் சுழலும். இறக்கை நுனி தரையில் உரசி ஒடிந்தும் போகலாம். இதைத் தடுப்பவை விமானியின் இரண்டு பாதங்கள். சுக்கானை அசைக்கும் மிதிகளில் காலை வைத்து, கோணல் தொடங்கும்போதே சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். விமானம் அசையாமல் நிற்கும் வரை காலுக்கு ஓய்வு இல்லை.

இன்னொரு தொல்லையும் உண்டு. மூக்கு உயர்ந்திருப்பதால் தரையில் ஓடும்போது நேர் எதிரே உள்ளது தெரியாது. ஆகவே பாம்பு போல் வளைந்து வளைந்து, இடமும் வலமும் எட்டிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பிறகு ஏன் அப்படிச் செய்தார்கள் என்றால், அக்காலத்தில் விமானங்கள் இறங்கியது புல்வெளியிலும் மண் தரையிலும். மூக்கு உயரமாக இருந்தால் முன்னால் சுழலும் விசிறி தரையில் இடிக்காது. இப்போது மூக்கின் அடியில் சக்கரம் வைத்த விமானங்களே பெரும்பான்மை. அவற்றில் எடை சக்கரங்களுக்கு முன்னே இருப்பதால் தானாகவே நேராகிக்கொள்ளும்.

இப்படிப்பட்ட விமானத்தில் ஜே.ஆர்.டி. மூன்று மணி நாற்பத்தைந்து நிமிடப் பயிற்சி பெற்றதுமே ஆசிரியர் இறங்கிக்கொண்டு அவரைத் தனியே பறக்க விட்டார்! 1929 பிப்ரவரி 10ஆம் நாள் அவருக்கு உரிமம் கிடைத்தது. அதில் இருந்த எண் 1. அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு.

பின்னர் ஆகாகான் ஒரு போட்டியை அறிவித்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே குறித்த காலத்துக்குள் தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு. ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து புறப்பட்டார். ஆஸ்பி எஞ்சினியர் என்ற பதினேழு வயது இளைஞர் எதிர்த்திசையில் இங்கிலாந்திலிருந்து கிளம்பி வந்தார். இருவரும் எகிப்தில் அபூகிர் என்னுமிடத்தில் சந்தித்தார்கள். ஆஸ்பியின் என்ஜினுக்கு வேண்டிய பிளக் இல்லாமல் அவர் அங்கே சிக்கிக்கொண்டிருந்தார். ஜே.ஆர்.டி. தம்மிடம் உபரியாக இருந்ததைக் கொடுத்தார். ஆஸ்பி முந்திக்கொண்டு பரிசை வென்றார். அந்த ஆஸ்பிதான் 1960இல் நம் விமானப்படையின் தலைமைத் தளபதியானார். பிளக்கைக் கொடுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் வகுப்பில் ஒரு வாக்குவாதமே நடந்தது. நானாக இருந்தால் கொடுத்திருப்பேனா என்று உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

பொழுதுபோக்காகத் தொடங்கியது பின்னர் நாட்டுக்கே பயன்பட்டது. நெவில் வின்சென்ட் என்னும் விமானி, கராச்சிக்கு வந்து சேரும் வெளிநாட்டுத் தபாலைப் பம்பாய்க்கும் சென்னைக்கும் விமானத்தில் கொண்டுபோகும் திட்டத்தோடு வந்தார். டாட்டா நிறுவனம் இரண்டு லட்சம் ரூபாய் முதலீடு செய்தது. 1932 அக்டோபர் 15ஆம் நாள் காலை ஜே.ஆர்.டி. கராச்சியில் பஸ் மாத் என்னும் சிறிய விமானத்தில் ஏறினார். அதுவும் வாலை ஊன்றி நிற்கும் வகைதான். வானொலி இல்லை, வழிகாட்டும் கருவிகள் இல்லை. அகமதாபாத்தில் இறங்கியபோது பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தனவாம். பிற்பகலில் பம்பாய் ஜூகுவில் இறங்கினார். ஜூகு அப்போது கடலோரச் சேற்று நிலம். மழைக்காலத்தில் நீரில் மூழ்கிவிடும். அங்கிருந்து வின்சென்ட் தபாலை எடுத்துக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்கு மறுநாள் வந்து சேர்ந்தார். நம் மாநிலத்துக்கு அந்தத் தபால் விமானம் வந்தது இப்படித்தான்.

அந்தச் சிறு சேவையே வளர்ந்து 1946இல் ஏர் இந்தியா ஆயிற்று. 1948இல் இலண்டனுக்குப் பறந்தது. 1953இல் அரசுடைமையானது, ஜே.ஆர்.டி. தலைவராகத் தொடர்ந்தார். 1978இல் அந்தப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். தாமே பெற்று வளர்த்த பிள்ளையைப் பிரிந்தது போல் அவருக்கு இருந்திருக்க வேண்டும். (அந்த நிறுவனம் 2022இல் மீண்டும் டாட்டாவிடம் வந்தபோது அவர் இல்லை.)

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது அதற்குப் பின் நடந்ததுதான். முதல் தபால் விமானத்தின் பொன்விழா நாளில், 1982 அக்டோபர் 15இல், அவர் மீண்டும் கராச்சியிலிருந்து பம்பாய்க்குப் பறந்தார். அப்போது அவருக்கு வயது எழுபத்தெட்டு. ஜெட் விமானங்கள் வந்து ஆண்டுகள் பல ஆகியிருந்தன. அவர் ஏறியதோ லெப்பர்ட் மாத் என்னும் 1930களின் விமானம். அதே போல் வால் தரையில் அமரும் வகை. இளைஞர்களின் ஊக்கம் குறைந்து வருவது கண்டு வருந்தியே இந்தப் பயணத்தை மேற்கொண்டதாகச் சொன்னார். ஜூகுவில் அவர் பத்திரமாக இறங்கினார். ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் கற்ற பாடத்தை அந்தப் பாதங்கள் மறக்கவில்லை.

1992இல் அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. 1993 நவம்பர் 29ஆம் நாள் ஜெனீவாவில் காலமானார். பிறந்த ஊரான பாரிஸிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இதையெல்லாம் படித்த பிறகு, இப்போது எங்கே கற்றுக்கொள்ளலாம் என்று அப்பாவை விசாரிக்கச் சொன்னேன். நம் நாட்டிலேயே தயாரான புஷ்பக் என்னும் வால் சக்கர விமானத்தில் முன்பு பறக்கும் கழகங்களில் பலர் கற்றார்களாம். இன்று பயிற்சி தருவது பெரும்பாலும் மூக்குச் சக்கர விமானங்களில்தான். முதலில் அதில் தேறிவிட்டு, வால் சக்கரத்தைத் தனியே தேடிக் கற்க வேண்டியதுதான் என்றார். சொந்த விருப்பத்துக்குப் பறக்கும் உரிமத்துக்குப் பதினேழு வயது நிரம்பி, நாற்பது மணி நேரமாவது பறந்திருக்க வேண்டும். மாணவ விமானியாகப் பதிய, பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் பதினாறு வயதும் போதும். செலவைக் கேட்டதும் அப்பா பேசாமல் இருந்தார். அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. பெரியம்மா மட்டும், ஓசூருக்கு வேலைக்குப் போவதாகத் தாம் சொன்ன நாளில் வீட்டில் என்ன நடந்தது என்று அம்மாவுக்கு நினைவுபடுத்தினார்.

எனக்குப் பதினாறு வயது நிரம்ப இன்னும் ஏழு மாதங்கள் இருக்கின்றன.