கழற்றிப் பார்த்த மனிதர் ஜி.டி.நாயுடு

எங்கள் வீட்டு வேன் பழைய நிசான் வேனட். சுங்கை வேயிலிருந்து தமிழ்ப்பள்ளிக்குப் போகும் 11 பிள்ளைகளை அப்பா அதில்தான் ஏற்றிச் செல்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சாவியைத் திருப்பினார். டொக் என்று ஒரே ஒரு சத்தம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. விளக்கு பளிச்சென்று எரிந்தது, ஹாரன் அடித்தது, இன்ஜின் மட்டும் சுற்றவில்லை.

அதற்கு இரண்டு வாரம் முன்புதான் ஒரு பட்டறையில் பேட்டரி போய்விட்டது என்று சொல்லிப் புதிது மாற்றியிருந்தார்கள். அந்தக் காசு வீண். மறுபடி அங்கே போக அப்பாவுக்கு மனமில்லை. மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு வேன் ஓடாவிட்டால் பிள்ளைகள் பள்ளிக்குப் போக முடியாது. இரண்டு நாள் ஓடாவிட்டால் பெற்றோர்கள் வேறு வேன் பார்த்துக்கொள்வார்கள். நான் எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நேரம் அது. நானே மாற்றுகிறேன் என்றேன். அம்மா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. ஜி.டி.நாயுடு கதை தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது. அன்றிரவு டார்ச் பிடித்துக்கொண்டே அவர் சொன்னதையும், பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23ஆம் நாள் கோயம்புத்தூர் அருகே கலங்கல் என்ற சிற்றூரில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அவருக்கு ஒட்டவில்லை. சில ஆண்டுகளோடு நின்றுவிட்டது. ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்னும் மோட்டார் சைக்கிளில் அவர் ஊர்ப்பக்கம் வந்தார். மாடு இழுக்கவில்லை, குதிரை இழுக்கவில்லை, வண்டி தானாக ஓடுகிறது. அந்த வண்டி அவரைப் பிடித்துக்கொண்டது. கோயம்புத்தூருக்குப் போய் ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். கிடைத்ததைச் சேர்த்து வைத்து, அதே மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார்.

வாங்கியதும் வேறு யாராக இருந்தாலும் ஊரைச் சுற்றி ஓட்டிக் காட்டியிருப்பார்கள். நாயுடு அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டார். கழற்றியதை மறுபடி பூட்டினார். அவருக்கு வாத்தியார் அந்த வண்டிதான்.

பிறகு பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார். முதல் உலகப் போர்க் காலத்தில் நல்ல பணம் பார்த்து, பம்பாய்க்குப் போய் அங்குள்ள பெரிய வியாபாரிகளோடு மோதி, பணத்தைத் தொலைத்துவிட்டு ஊர் திரும்பினார். இந்தப் பகுதியை அப்பா வேகமாகச் சொல்லிக் கடந்துவிட்டார். எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது. கையில் இருந்ததை இழந்து வந்தவர் 1920இல் கோயம்புத்தூர் ஸ்டேன்ஸ் நிறுவனத்தின் உதவியோடு ஒரு பேருந்தைப் பெற்று, பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே தாமே ஓட்டினார். ஒற்றைப் பேருந்தில் தொடங்கியது யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரும் நிறுவனமாக வளர்ந்தது.

அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றுக்குச் சாவி கிடையாது. முன்னால் ஓர் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். இன்ஜின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறிந்துவிடும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளர்தான் இதற்கு ஒரு முடிவு கட்டினார். அவர் முன்பு கடைகளில் பணம் வாங்கும் இயந்திரத்துக்கு மின்மோட்டார் அமைத்தவர். நாள் முழுதும் ஓடும் மோட்டார்தான் பெரிதாக இருக்க வேண்டும், சில விநாடி மட்டும் ஓடுவதற்குச் சிறிய மோட்டாரே போதும், அதைக் கசக்கிப் பிழியலாம் என்பது அவருக்கு அங்கே பிடிபட்டது. அதே எண்ணம் 1912ஆம் ஆண்டு கெடிலாக் கார்களில் ஸ்டார்ட்டராக வந்தது. நம் வேனில் இருப்பதும் அதன் வாரிசுதான். அதனால்தான் இன்ஜின் பிடிக்காவிட்டால் சாவியை விடாமல் திருப்பிக்கொண்டே இருக்கக்கூடாது. மோட்டார் சூடேறிக் கருகிவிடும்.

நாயுடுவுக்கும் மின்மோட்டார் மீது ஆசை உண்டு. 1937இல் கோயம்புத்தூர் பீளமேட்டில் டி.பாலசுந்தரம் நாயுடுவின் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் மூலம் இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டார் வெளிவந்ததில் இவருக்கும் பங்கு உண்டு. உலர் மின்கலத்தில் ஓடும் சிறு மோட்டார் வைத்த ரேசன்ட் சவரக் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, ஓட்டுப் பதியும் இயந்திரம் என்று அவர் செய்தவற்றின் பட்டியல் நீளும். 1952இல் இரண்டு பேர் அமரும் சிறிய கார் ஒன்றைச் செய்தார். விலை இரண்டாயிரம் ரூபாய்தான் என்றார். அரசு உரிமம் தரவில்லை, அதோடு கார் நின்றது. திறமை இருந்தும் தாள் கிடைக்காமல் நிற்பது அவருக்கும் நேர்ந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பள்ளியை விட்டு ஓடிய அவரேதான் 1945இல் நன்கொடை தந்து கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் எழக் காரணமானார். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. அங்கே முதல்வராகவும் இருந்தார். நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டு ஆண்டில் முடிக்கலாம் என்பது அவர் கட்சி. அரசு ஒப்பவில்லை, விலகிவிட்டார். இதில் மட்டும் நான் அரசின் பக்கம். எல்லோரும் நாயுடு அல்ல. 1974 ஜனவரி 4ஆம் நாள் அவர் காலமானார்.

இனி எங்கள் வேன். அப்பா பொட்டோங் கடைக்குப் போய், மூடும் நேரத்தில் பழைய ஸ்டார்ட்டர் ஒன்றைப் பார்த்து வாங்கி வந்தார். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றினோம். இதைச் செய்யாமல் ஸ்டார்ட்டரில் ஸ்பானர் வைத்தால், அது பாடியில் பட்டதும் தீப்பொறி பறக்கும். அந்தத் தடித்த கம்பிக்கு நடுவில் ஃபியூஸ் எதுவும் இல்லை. வேனட்டில் இன்ஜின் முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. வேனை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தபிறகுதான் அப்பா என்னைக் கீழே போகவிட்டார். கீழ் போல்டு சுலபமாக வந்தது. மேல் போல்டு கண்ணுக்கே தெரியவில்லை, விரலால் தடவித்தான் ஸ்பானரைப் பொருத்தினேன். அந்த ஒரு போல்டுக்கு ஒன்றேகால் மணி நேரம். மழை வேறு தூறியது. இரவு பன்னிரண்டரைக்குச் சாவியைத் திருப்பியபோது இன்ஜின் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் சன்னலைத் திறந்து பார்த்தார். அம்மா அவரிடம் மன்னிப்புக் கேட்டார்.

பழைய ஸ்டார்ட்டரை நான் வீசவிடவில்லை. மறுநாள் ஐந்தடியில் பழைய செய்தித்தாளை விரித்துக் கழற்றினேன். உள்ளே கார்பன் பிரஷ் இரண்டு தேய்ந்து விரல்நகம் அளவுக்கு வந்திருந்தது. சொலினாய்டு தன் வேலையைச் செய்து பல்சக்கரத்தைத் தள்ளியிருக்கிறது, டொக் சத்தம் அதுதான். பிரஷ் ஒட்டாததால் மோட்டாருக்கு மின்சாரம் போகவில்லை. பேட்டரி மீது குற்றமே இல்லை. கழற்றியாயிற்று, பூட்டத்தான் தெரியவில்லை. ஒரு ஸ்பிரிங் துள்ளிச் சாக்கடைப் பக்கம் ஓடியது, தேடி எடுத்தேன். நான்கு பிரஷையும் ஒரே நேரத்தில் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க எனக்கு இரண்டு கைதான். நாயுடு இதை எப்படிச் செய்தார் என்று நினைத்து நினைத்து எரிச்சல்தான் வந்தது.

மூன்றாம் நாள் புதுப் பிரஷ் வாங்கிச் சால்டர் வைத்து ஒட்டி, ஸ்பிரிங்குகளை நூலால் கட்டி வைத்துப் பூட்டினேன். அப்பா ஸ்டார்ட்டரைத் தரையில் வைத்துக் காலணியால் அழுத்தி மிதித்துக்கொண்டார். பேட்டரியிலிருந்து கம்பி கொடுத்துச் சிறிய முனையைத் தொட்டேன். பல்சக்கரம் முன்னால் பாய்ந்து விர்ரென்று சுற்றியது. அப்பா ஒன்றும் சொல்லாமல் அதைத் துணியில் சுற்றி, வேனின் பின்னிருக்கைக்கு அடியில், ஜாக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.