சீ. இரா. அரங்கநாதன்

சீர்காழி இராமாமிர்தம் அரங்கநாதன் (ஆகஸ்ட் 1892 - செப்டம்பர் 27, 1972) ஒரு கணிதப் பேராசிரியரும் நூலகரும் ஆவார். இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படுகிறார். நூலக அறிவியலின் ஐந்து விதிகள், கோலன் பகுப்பு முறை ஆகியவற்றை வகுத்தவர். பொதுப்பணத்தில் திரட்டப்படும் அறிவு பூட்டிய அலமாரியில் இருப்பதற்கன்று, பொதுமக்களின் பயன்பாட்டிற்கே உரியது என்னும் கருத்தை நடைமுறைக்கும் சட்டத்திற்கும் கொண்டுவர உழைத்தவர்களுள் முதன்மையானவர். அவரது பிறந்தநாளாகக் கொள்ளப்படும் ஆகஸ்ட் 12 இந்தியாவில் தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இளமையும் கல்வியும்

அரங்கநாதன் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த சீர்காழியில் பிறந்தார். சிதம்பரத்திற்குத் தெற்கே கொள்ளிடம் ஆற்றைக் கடந்தால் வரும் இவ்வூர் இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். சீர்காழியில் பள்ளிப்படிப்பை முடித்துச் சென்னை கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்து, 1913இல் இளங்கலைப் பட்டமும் 1916இல் கணிதத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். பேராசிரியர் எட்வர்டு ராஸ் இவரது கணித ஆசிரியராக இருந்து பெரிதும் ஊக்குவித்தார். பின்னர் மங்களூர், கோயம்புத்தூர், சென்னை ஆகிய ஊர்களின் அரசுக் கல்லூரிகளில் கணிதம் கற்பித்தார்.

சென்னைப் பல்கலைக்கழக நூலகர்

1924ஆம் ஆண்டு சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். தொடக்கத்தில் இப்பணி அவருக்குப் பிடிக்கவில்லை. வாசகர் வருகை மிகக் குறைவாக இருந்த அந்நூலகத்தின் தனிமையைத் தாங்க இயலாமல் மீண்டும் கற்பிக்கும் பணிக்கே திரும்ப விரும்பினார். இங்கிலாந்து சென்று நூலகப் பயிற்சி பெற்று வந்த பின்னும் இதே எண்ணம் இருந்தால் திரும்பலாம் என்ற ஏற்பாட்டின்படி இலண்டன் சென்றார்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பெர்விக் சேயர்சு என்பவரிடம் பாடம் கேட்டதுடன் பல நூலகங்களையும் நேரில் பார்வையிட்டார். அங்கே தொழிலாளர்களும் சிறுவர்களும் நூலகத்தைப் பயன்படுத்துவதைக் கண்டு, நூலகம் என்பது ஒரு மக்கள் நிறுவனம் என்பதை உணர்ந்தார். 1925இல் நாடு திரும்பிய பின் கற்பிக்கும் பணிக்குச் செல்லும் எண்ணத்தைக் கைவிட்டார். வாசகரே அலமாரிக்குச் சென்று நூலை எடுத்துப் பார்க்கும் திறந்த அணுக்க முறையைப் பல்கலைக்கழக நூலகத்தில் புகுத்தினார். நூல் காணாமற்போகும் இழப்பை விட, நூல் படிக்கப்படாமல் கிடக்கும் இழப்பே பெரிது என்பது அவரது நிலைப்பாடாக இருந்தது.

ஐந்து விதிகள்

1928இல் உருப்பெற்ற ஐந்து விதிகள் 1931இல் நூலாக வெளிவந்தன. அவற்றின் சாரம் வருமாறு:

1. நூல்கள் சேமித்து வைப்பதற்கு அல்ல, பயன்படுத்துவதற்கே.
2. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு வேண்டிய நூல் கிடைக்க வேண்டும்.
3. ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரைச் சென்றடைய வேண்டும்.
4. வாசகரின் நேரம் வீணாகக் கூடாது.
5. நூலகம் ஓர் உயிரியைப் போல வளர்ந்துகொண்டே இருக்கும்.

இவற்றுள் இரண்டாம் விதி அரசின் கடமையையும் சுட்டுகிறது. ஒவ்வொருவருக்கும் நூல் கிடைக்க வேண்டுமெனில் அதற்கான நிதியும் சட்டமும் தேவை என்பதே அதன் இயல்பான முடிவாகும்.

கோலன் பகுப்பு முறை

1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். இலண்டன் கடையொன்றில் கண்ட மெக்கானோ விளையாட்டுப் பொருள் இதற்குத் தூண்டுதலாக அமைந்தது. சில துண்டுகளைப் பலவாறு இணைத்துப் பல பொம்மைகள் செய்வது போல, சில அடிப்படைக் கூறுகளை இணைத்து எந்தப் பொருளையும் குறிக்கலாம் என அவர் கண்டார்.

எடுத்துக்காட்டாக, காடாம்புலியூர், பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரி மரங்களைத் தாக்கும் நோயைக் கட்டுப்படுத்துவது குறித்த அறிக்கை ஒன்றை எடுத்துக்கொள்வோம். முந்திரி என்னும் பயிர், நோய் என்னும் தன்மை, கட்டுப்படுத்துதல் என்னும் செயல், வட்டாரம் என்னும் இடம், ஆய்வு நிகழ்ந்த காலம் என அதனைக் கூறுகளாகப் பிரிக்கலாம். இவ்வாறு பிரித்து வைத்தால் பயிரைத் தேடுபவரும் நோயைத் தேடுபவரும் ஊரைத் தேடுபவரும் ஒரே அறிக்கையை அடைய முடியும். இன்றைய தரவுத்தளங்களிலும் இணையக் கடைகளிலும் பல கூறுகளைக் கொண்டு தேடலைக் குறுக்கும் முறை இதே அடிப்படையில் இயங்குகிறது. எனினும் குறியீடுகள் சிக்கலானவை என்பதாலும் பதிப்புக்குப் பதிப்பு மாறியதாலும் கோலன் முறை உலக அளவில் டூயி முறையைப் போலப் பரவவில்லை.

நூலகச் சட்டம்

1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்ற முக்கிய காரணமாக இருந்தார். 1930இல் காசியில் நடைபெற்ற அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை முன்வைத்தார். அதன் அடிப்படையில் 1933இல் பஷீர் அகமது சயீது சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை. 1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டி நடமாடும் நூலகம் தொடங்கப்பட்டு, சட்டம் வருமுன்னரே நூல்கள் சிற்றூர்களுக்குச் சென்றன.

பல ஆண்டு முயற்சிக்குப் பின், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் இதுவே. சொத்து வரியுடன் நூலக வரி வசூலிக்கவும் மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமைக்கவும் இது வழிசெய்தது. கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த தென்னார்க்காடு மாவட்டமும் இவ்வமைப்பின் கீழ் வந்தது. ஆயினும் அரங்கநாதன் விரும்பியவை அனைத்தும் சட்டத்தில் இடம்பெறவில்லை. நூலகங்களுக்கெனத் தனித்துறை தமிழ்நாட்டில் 1972இல்தான் உருவானது.

அறிவியல் ஆவணப் பணி

1944இல் சென்னைப் பணியிலிருந்து விலகி, காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். ஆய்வாளருக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் முழு நூல் அன்று, ஒரு கட்டுரையோ ஓர் அளவீடோ தான் என்பதால் அத்தகைய நுண்தகவல்களைத் தேடித்தரும் ஆவணப் பணியில் கவனம் செலுத்தினார். 1952இல் தில்லியில் தேசிய அறிவியல் ஆவண மையம் அமைவதில் இவருக்குப் பங்குண்டு. நூலகப் பணிகளைப் புள்ளியியல் முறையில் ஆராயும் துறைக்கு 1948இல் லைப்ரமெட்ரி எனப் பெயரிட்டார். 1962இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் பெங்களூரில் ஆவண ஆய்வு, பயிற்சி மையத்தைத் தொடங்கினார்.

சிறப்புகளும் மறைவும்

1957இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1965இல் தேசிய ஆய்வுப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். தம் சேமிப்பிலிருந்து ஒரு இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்து, தம் மனைவி சாரதாவின் பெயரில் நூலகவியல் இருக்கை ஏற்பட வழிசெய்தார். 1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் காலமானார்.

தாக்கம்

2012இல் இந்திய அரசு தேசியத் தரவுப் பகிர்வு, அணுக்கக் கொள்கையை அறிவித்து, அரசுத் துறைகளின் தரவுகளைப் பொதுமக்களுக்கு இணையத்தில் திறந்துவிடத் தொடங்கியது. தரவை வெளியிட்டால் மட்டும் போதாது, தேடுபவர் எளிதில் கண்டடையுமாறு அது வகைப்படுத்தப்பட வேண்டும் என்னும் இன்றைய சிக்கலுக்கு மூன்றாம், நான்காம் விதிகள் பொருந்துகின்றன. அரங்கநாதனின் நூல்கள் பல 2000களில் சாரதா அரங்கநாதன் அறக்கட்டளையின் இசைவுடன் இணையத்தில் இலவசமாக வெளியிடப்பட்டன.