வீடு வீடாகப் போன வில்லி



அமெரிக்காவில் உரிமைப் போராட்டம் என்றதும் நமக்கெல்லாம் மார்ட்டின் லூதர் கிங் ஞாபகம்தான் வரும். நான் இங்கே எழுதப்போவது இன்னொருவரைப் பற்றி. பெயர் வில்லி வெலாஸ்கெஸ். நம்மை மாதிரி மாணவராக இருந்தபோதே ஓர் இளைஞர் இயக்கம் உருவாகக் காரணமானவர்.

1944-ல் பிறந்த வில்லி, டெக்சாஸ் மாநிலத்து சான் அன்டோனியோ நகரில், மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர் குடும்பத்தில் வளர்ந்தார். 1836 வரை டெக்சாஸே மெக்சிகோவின் ஒரு பகுதிதான். ஆனாலும் அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் பேசினால் தண்டனை! ஓட்டுப் போடவும் வரி கட்ட வேண்டும். 1966-ல் நீதிமன்றம் தடுக்கும்வரை அந்த வரி இருந்தது. கூலிக்காரன் வயித்தைப் பார்ப்பானா, ஓட்டைப் பார்ப்பானா?

அதே 1966-ல் ரியோ கிராண்டே ஆற்றோரத்து முலாம்பழத் தோட்டங்களில் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மணிக்கு 1.25 டாலர் கூலி, அவ்வளவுதான் கோரிக்கை. கொளுத்தும் வெயிலில் தலைநகர் ஆஸ்டின்வரை நடந்தே போனார்கள். செயின்ட் மேரிஸ் பல்கலைக்கழகத்தில் படித்த வில்லியும் அந்தப் போராட்டத்தில் இறங்கினார். போலீஸ் கெடுபிடியும் நீதிமன்றத் தடைகளும் சேர்ந்து கடைசியில் போராட்டத்தை முடக்கிவிட்டன.

சோர்ந்து போகவில்லை அவர்கள். 1967-ல் வில்லி, ஹோசே ஆங்கெல் குட்டியெரஸ் உட்பட ஐந்து இளைஞர்கள் சேர்ந்து மெக்சிகன் அமெரிக்க இளைஞர் அமைப்பைத் தொடங்கினார்கள். சுருக்கமாக 'மாயோ'. கேவலமாகச் சொல்லப்பட்ட 'சிக்கானோ' என்ற பெயரையே பெருமையாகச் சூட்டிக்கொண்ட தலைமுறை அது! 1968-ல் எட்கவுச்-எல்சா, 1969-ல் கிரிஸ்டல் சிட்டி என்று பள்ளி மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறினார்கள். எங்க மொழியைப் பேச விடுங்க, எங்க வரலாற்றையும் சொல்லிக்கொடுங்க என்பதே அவர்கள் கேட்டது.

இங்கேதான் வில்லி எனக்குத் தனியாகத் தெரிகிறார். அனல் பறக்கும் பேச்சும் தனிக்கட்சியும்தான் வழி என்று நண்பர்கள் சிலர் நினைத்தார்கள். 1970-ல் கட்சியும் பிறந்தது, கிரிஸ்டல் சிட்டியில் ஜெயித்தும் காட்டியது. வில்லிக்கு அந்தப் பாதையில் உடன்பாடில்லை. ஓட்டு இல்லாதவன் எவ்வளவு கத்தினாலும் அதிகாரத்தின் காதில் விழாது என்பது அவர் எண்ணம். கூட நின்ற நண்பர்களிடமே கருத்து மாறுபட்டு விலகுவது லேசான காரியமா?

1974-ல் தென்மேற்கு வாக்காளர் பதிவுத் திட்டத்தை ஆரம்பித்தார். ஊர் ஊராகப் போனார். உள்ளூர்க்காரர்களையே குழுவாகச் சேர்த்து, கதவு கதவாகத் தட்டிப் பெயர் பதிய வைத்தார். பெரிய தத்துவம் எதுவும் பேசவில்லை. மழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்குதே, ரோடு போடலையே, அதைக் கேட்க ஓட்டு வேணாமா என்பதுதான் அவர் வாதம். மெக்சிகன் மக்களின் ஓட்டு சிதறும்படி தொகுதி எல்லைகள் வகுக்கப்பட்ட இடங்களில் வழக்குகளும் தொடுக்கப்பட்டன.

பலன் மெல்ல மெல்ல வந்தது. நகராட்சி, பள்ளி வாரியம் என்று எங்கும் புதுமுகங்கள். 1981-ல் சான் அன்டோனியோவின் மேயராக ஹென்றி சிஸ்னெரோஸ் வென்றபோது, அந்த மக்களின் ஓட்டுப் பலத்தை நாடே பார்த்தது.

ஆனால், 1988 ஜூனில் சிறுநீரகப் புற்றுநோய் வில்லியைக் கொண்டுபோய்விட்டது. வயது வெறும் 44. 1995-ல், அவர் மறைந்த பிறகு, அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் வழங்கப்பட்டது.

தோழர்களே, கோஷம் போட நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கூட்டம் கலைந்த மறுநாள், நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கும் வேலை இருக்கிறதே, அதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. வில்லி 14 வருஷம் அதைச் செய்தார். நம்மில் 18 வயது நிரம்பியவர்கள் முதலில் பட்டியலில் நம்ம பேர் இருக்கான்னு பார்ப்போம். பிறகு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவோம்.