ஜான் ஹண்டர்

ஜான் ஹண்டர் (பெப்ரவரி 13, 1728 – அக்டோபர் 16, 1793) ஸ்காட்லாந்தில் பிறந்து இலண்டனில் பணியாற்றிய அறுவை மருத்துவரும் உடற்கூற்றியலாளரும் ஆவார். கைத்தொழிலாகக் கருதப்பட்ட அறுவை மருத்துவத்தை அறிவியலின் அடிப்படையில் அமைத்தவர்களுள் முதன்மையானவர். தம்மிடம் பயின்ற இளம் மருத்துவர்களிடையே ஆய்வுப் பழக்கத்தை வளர்த்தது இவரது சிறந்த பணிகளுள் ஒன்றாகும்.

வாழ்க்கை

ஹண்டர் கிளாஸ்கோ நகருக்குத் தெற்கிலுள்ள லாங் கால்டர்வுட் என்னுமிடத்தில் பிறந்தார். 1748 இல் இலண்டன் சென்று, தமையனார் வில்லியம் ஹண்டரின் உடற்கூற்றியல் பள்ளியில் உதவியாளரானார். 1760 இல் இராணுவ அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். பெல் ஈல் தீவுப் போரில் குண்டடிபட்டு, சிகிச்சையின்றி மறைந்திருந்த பிரெஞ்சு வீரர்கள் சிலர் தேறியதைக் கண்டார். குண்டுக் காயங்களைக் கீறி அகலப்படுத்தும் அக்கால வழக்கம் பெரும்பாலும் தேவையற்றது என்ற முடிவுக்கு வந்தார். 1767 இல் அரச கழகத்தின் உறுப்பினராகவும், 1768 இல் புனித ஜார்ஜ் மருத்துவமனையின் அறுவை மருத்துவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மாணவர்களும் ஆய்வும்

எட்வர்டு ஜென்னர் 1770 முதல் ஹண்டரின் வீட்டில் தங்கிப் பயின்றார். ஜென்னர் ஊர் திரும்பிய பின்னரும் கடிதத் தொடர்பு நீடித்தது. குளிர்காலத்தில் உறங்கும் முள்ளெலிகளின் உடல் வெப்பத்தை அளந்தறியும் பணியை ஹண்டர் அவரிடம் ஒப்படைத்தார். ஊகித்துக்கொண்டிராமல் சோதித்துப் பார்க்குமாறு தூண்டினார். இப்பயிற்சி பெற்ற ஜென்னரே 1796 இல் பெரியம்மைத் தடுப்பு முறையைச் சோதித்தவர். ஆஸ்ட்லி கூப்பர், ஜான் அபர்னெத்தி, அமெரிக்கரான பிலிப் சிங் பிசிக் ஆகியோரும் இவரது மாணவர்கள்.

1785 இல் ஜார்ஜ் ஃபோர்டைசுடன் இணைந்து, மாணவர்கள் கட்டுரை படித்து விவாதிப்பதற்கான மருத்துவச் சங்கம் ஒன்றை நிறுவினார். அது ஹண்டரின் இல்லத்து விரிவுரை அரங்கில் கூடியது.

ஆய்வுகள்

முழங்காலின் பின்புறத் தமனி வீக்கத்திற்குக் காலை வெட்டியெடுப்பதே அக்காலத்தில் பெரிதும் வழக்கமாக இருந்தது. 1785 இல் ஹண்டர் தொடையில் தமனியைக் கட்டி, கிளை நாளங்கள் வழியாகக் குருதி பாயச் செய்து, நோயாளி ஒருவரின் காலைக் காத்தார்.

இவரது முடிவுகள் அனைத்தும் சரியானவை அல்ல. 1767 இல் மேகவெட்டைச் சீழை ஏற்றிச் செய்த ஒரு சோதனையைக் கொண்டு, மேகவெட்டையும் கிரந்தியும் ஒரே நோய் என்று கருதினார். ஆசிரியரின் புகழால் நிலைத்த இப்பிழையை 1838 இல் பிலிப் ரிக்கோர் மறுத்தார்.

அருங்காட்சியகம்

ஹண்டர் சேர்த்த ஏறத்தாழ 14,000 மாதிரிகளைப் பிரித்தானிய அரசு 1799 இல் 15,000 பவுண்டுக்கு வாங்கியது. 1941 குண்டுவீச்சில் பெரும்பகுதி அழிந்தது. கடலில் அடக்கம் செய்யப்பட விரும்பிய சார்லஸ் பைர்னின் உடலை 1783 இல் ஹண்டர் கைப்பற்றியது நெடுங்காலம் கண்டிக்கப்பட்டது. 2023 இல் அருங்காட்சியகம் மீண்டும் திறக்கப்பட்டபோது அவரது எலும்புக்கூடு காட்சியில் வைக்கப்படவில்லை.

மறைவு

1793 அக்டோபர் 16 அன்று, புனித ஜார்ஜ் மருத்துவமனையில் மாணவர் சேர்க்கை குறித்து நடந்த கூட்டத்தின்போது ஹண்டர் மயங்கி விழுந்து காலமானார். இவரது கையெழுத்துப் படிகள் பலவற்றை மைத்துனர் எவரார்டு ஹோம் 1823 இல் எரித்தார். உதவியாளர் வில்லியம் கிளிஃப்ட் முன்னரே படியெடுத்து வைத்திருந்த பகுதிகள் எஞ்சின.