ஹாலில் ஃபுல் சிக்னல், பெட்ரூமில் ஜீரோ... 1888-லேயே காரணம் காட்டிய ஹெர்ட்ஸ்: யார் இவர்?

வீட்டு வைஃபை மக்கர் செய்தால் எல்லோரும் முதலில் செய்வது, மோடமும் ரவுட்டரும் ஒன்றாக இருக்கும் பெட்டியை ஆஃப் செய்து ஆன் செய்வதுதான். அப்படியும் சரியாகலையா? அதே பெட்டியின் செட்டிங்ஸில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இருப்பதைக் கவனியுங்கள். அதில் இருக்கும் ஹெர்ட்ஸ் ஒரு மனிதரின் பெயர். சிக்னல் எங்கே போகும், எங்கே நிற்கும் என்பதை முதலில் சோதித்துக் காட்டியவர் அவர்தான்.

யார் இந்த ஹெர்ட்ஸ்?

ஹென்ரிச் ஹெர்ட்ஸ் 1857 பிப்ரவரி 22-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பிறந்தார். அப்பா வழக்கறிஞர். பெர்லினில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற பெரிய விஞ்ஞானியிடம் படித்து, 1880-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

மின்காந்த அலைகள் ஒளியின் வேகத்தில் பரவும் என்று பிரிட்டனின் மேக்ஸ்வெல் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். ஆனா, அதை யாரும் நிரூபிக்கவில்லை. 1879-ல் இதையொட்டிய ஒரு போட்டிக் கேள்வியை எடுத்துச் செய்யும்படி ஹெல்ம்ஹோல்ட்ஸ் கேட்டார். அதற்கேற்ற கருவி இல்லை என்று ஹெர்ட்ஸ் மறுத்துவிட்டார்.

தீப்பொறியில் சிக்கிய அலை

1885-ல் கார்ல்ஸ்ரூ நகரில் பேராசிரியரானார். அடுத்த ஆண்டு எலிசபெத் டோலைத் திருமணம் செய்தார். அங்கேதான் சோதனை கைகூடியது. ஒரு பக்கம் மின்பொறி பறக்கும் கருவி. இன்னொரு பக்கம் சிறு இடைவெளி விட்ட கம்பி வளையம், அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவே ஒயர் இல்லை. ஆனாலும் வளையத்தின் இடைவெளியில் குட்டியாகப் பொறி வந்தது.

பிறகு சுவரில் 4 மீட்டர் நீள துத்தநாகத் தகட்டை மாட்டினார். அலை அதில் பட்டுத் திரும்பியது. போகும் அலையும் திரும்பும் அலையும் கலந்ததால், அறையில் சில இடங்களில் பொறி பிரகாசமானது, சில இடங்களில் மறைந்தே போனது. மரக்கதவை மூடினாலும் அலை அடுத்த அறைக்குள் போனது. உலோகம் அதைத் தடுத்தது. ஆள் குறுக்கே நடந்தால்கூட பொறி அணைந்தது.

உங்க வீட்டிலும் இதேதான்!

ஹெர்ட்ஸ் அறையில் நடந்ததுதான் இன்று வீட்டிலும் நடக்கிறது. கேபிள் வீட்டுக்குள் நுழையும் மூலையிலேயே பெட்டியை மாட்டிவிடுகிறார்கள். பக்கத்தில் இரும்பு பீரோ, ஃப்ரிட்ஜ், டிவி இருந்தால் சிக்னல் அடிவாங்கும். அப்போ என்ன செய்யலாம்?

முதலில் லேப்டாப்பை லேன் கேபிளில் பெட்டியோடு இணைத்துப் பாருங்கள். அதிலும் நெட் வரவில்லை என்றால் கோளாறு லைனிலோ மோடத்திலோ இருக்கலாம். பெட்டியை இடம் மாற்றிப் பயனில்லை, புகார்தான் கொடுக்க வேண்டும். கேபிளில் நன்றாக வந்தால், சிக்கல் வைஃபை பக்கம்.

பெட்டியை உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். சில சமயம் கொஞ்சம் நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 செ.மீ.தான். தூரத்து அறைக்கு அதுவே நல்லது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் தரும், ஆனா சுவர் தாண்டும்போது அதிகம் வலுவிழக்கும். பெட்டியை நகர்த்தவே முடியாதா? அதிலிருந்து லேன் கேபிள் இழுத்து, வீட்டின் நடுவில் இன்னொரு ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடில் வைக்கலாம்.

36 வயதில் மரணம்

இந்த அலைகளை வைத்துச் செய்தி அனுப்பும் முயற்சியில் ஹெர்ட்ஸ் இறங்கவில்லை. இயற்கை எப்படி இயங்குகிறது என்பதே அவருக்கு முக்கியம். 1889-ல் பான் நகருக்குப் பேராசிரியராகப் போனார். 1892-ல் நோய் பிடித்தது, அறுவை சிகிச்சைகளும் கைகொடுக்கவில்லை. 1894 ஜனவரி 1-ல் இறந்தார். இரண்டு மகள்களும் சின்னக் குழந்தைகள். அதன் பிறகுதான் இத்தாலியின் மார்க்கோனி இதே அலைகளைக் கொண்டு கம்பியில்லாத் தந்தியை உருவாக்கினார்.

துயரம் அதோடு முடியவில்லை. ஹெர்ட்ஸின் தந்தை வழிக் குடும்பம் யூத வம்சாவளி. நாஜி ஆட்சியில் ஹாம்பர்க் நகர மன்றத்தில் இருந்த அவரது படம் அகற்றப்பட்டது. மனைவியும் மகள்களும் ஜெர்மனியை விட்டு இங்கிலாந்து போனார்கள்.

படத்தை எடுத்தார்கள், பெயரை எடுக்க முடியவில்லை. ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதற்கான அலகு அவர் பெயரில் அமைந்தது. 1960-ல் சர்வதேச அளவீட்டு முறையிலும் அது இடம்பெற்றது. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 240 கோடி அதிர்வுகள். இன்று உலகம் முழுக்க ஒவ்வொரு ரவுட்டரிலும் ஹெர்ட்ஸ் இருக்கிறார்.